15 வருஷ சேவைக்குத் தரும் ‘டிகிரி’ சான்று கல்லூரியில் செல்லுமா? பிள்ளைகளுக்கு எந்த உதவித்தொகை?

#1 வைகைக்கரை

வணக்கம். ராணுவத்தில் 17 வருஷம் முடித்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஒருவருக்காகக் கேட்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்புதான். வெளியே வரும்போது ரெக்கார்ட் ஆபீஸில் (படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) ‘பட்டப்படிப்புக்கு இணை’ என்று ஒரு சான்று கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்தே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. சேர்த்துவிடுகிறோம், முதல் தவணையைக் கட்டுங்கள் என்று ஒரு படிப்பு மையம் சொல்கிறது. கட்டலாமா?

இன்னொன்று. அவர் மகள் இந்த வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. பிஎம் ஸ்காலர்ஷிப் இரண்டு பேருக்கும் கேட்கலாமா?

#2 சாசனம்

கட்ட வேண்டாம். அந்தச் சான்று வேலைக்கானது, படிப்புக்கானது இல்லை.

அதன் வேர் 1979-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகளில் இருக்கிறது. பத்தாவது தேறியவர், அல்லது ராணுவத்தின் ஸ்பெஷல் சர்டிபிகேட் ஆஃப் எஜுகேஷன் வைத்திருப்பவர் (கடற்படை, விமானப்படையில் அதற்கு நிகரானது), முப்படையில் 15 ஆண்டுக்குக் குறையாமல் பணியாற்றியிருந்தால், பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடங்களுக்குத் தகுதி உள்ளவராகக் கருதப்படுவார். விதி சொல்வது இவ்வளவுதான். இதில் மூன்று வேலிகள் இருப்பதைக் கவனியுங்கள்.

ஒன்று, குரூப் சி மட்டும். குரூப் பி பதவிக்கு இதை நீட்ட முடியாது. இரண்டு, ஒதுக்கிய இடங்களுக்கு மட்டும். பொதுப் பிரிவில் போட்டியிட உண்மையான பட்டம் வேண்டும். மூன்று, தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று சொல்லும் பதவிகளுக்குப் பொருந்தாது.

‘கருதப்படுவார்’ என்ற சொல்லைத்தான் படிப்பு மையக்காரர்கள் விழுங்கிவிட்டு ‘பட்டதாரி’ என்று விளம்பரம் போடுகிறார்கள். எம்.பி.ஏ., பி.எட்., எல்.எல்.பி. எதுவானாலும் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் கொடுத்த இளநிலைப் பட்டம்தான் சேர்க்கைத் தகுதி. ரெக்கார்ட் ஆபீஸ் பல்கலைக்கழகம் ஆகாது.

#3 வைகைக்கரை

தெளிவாகச் சொன்னீர்கள் ஐயா. ஆனால் அந்த மையத்தில், ‘யுஜிசி அனுமதி உள்ள பல்கலைக்கழகம்தான், ஏற்கெனவே பல பேர் சேர்ந்திருக்கிறார்கள்’ என்கிறார்களே?

#4 ரெக்கார்ட்_ரூம்

இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கும். ஆட்களும் சேர்ந்திருப்பார்கள். சிக்கல் சேரும்போது வராது. தகுதிச் சான்றிதழ்களை அசலோடு சரிபார்க்கும் நாளில் வரும். அது முதல் செமஸ்டரிலும் வரலாம், கடைசிச் சான்றிதழ் வாங்கும்போதும் வரலாம், வேலைக்குப் போன இடத்தில் ‘இளநிலைப் பட்டம் எங்கே?’ என்று கேட்கும்போதும் வரலாம். மையத்துக்குக் கட்டிய காசுக்கு அந்த நேரத்தில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: மையத்திடம் வாய்ப்பேச்சு வேண்டாம். பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்தில், ‘பத்தாவது + 15 வருட ராணுவ சேவைச் சான்று, எம்.பி.ஏ. சேர்க்கைக்குப் போதும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அந்தச் சான்றைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. எஸ்எஸ்சி சிஜிஎல் (மத்திய அரசின் பட்டதாரி நிலைத் தேர்வு), வங்கி கிளார்க் தேர்வுகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அது நல்ல காகிதம். 15 ஆண்டு எந்தத் தேதியில் முடிந்திருக்க வேண்டும் என்பது அறிவிக்கையில் இருக்கும். 14 வருஷம் 11 மாசம் என்றால் தள்ளுபடிதான், இரக்கமெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

#5 தாமரை

மகள் விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் பெண்ணுக்கு பிஎம் ஸ்காலர்ஷிப் பொருந்தும். பி.காம். பையனுக்குப் பொருந்தாது, இரண்டு காரணத்தால்: அது தொழிற்படிப்பு அல்ல, அவன் முதலாண்டிலும் இல்லை.

அடிப்படை இதுதான்:

திட்டத்தை நடத்துவது டெல்லியில் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு. பணம் தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து வருகிறது. 2006-07 முதல் நடக்கிறது. அதிகாரி பதவிக்குக் கீழே பணியாற்றி ஓய்வு பெற்ற முப்படையினர், கடலோரக் காவல்படையினர் ஆகியோரின் பிள்ளைகளும் விதவைகளும் கேட்கலாம். ஆண்டுக்கு 5,500 பேர், அதில் சரிபாதி பெண்கள். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு மாதம் 2,500 என்று கணக்கிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கணக்கில் போடுகிறார்கள். நாலு வருஷ நர்சிங்குக்கு 1,44,000 ஆகிறது.

12-ல் குறைந்தது 60 சதவீதம் வேண்டும். நம்ம ஸ்டேட் போர்டு 600-க்கு என்றால் 360. பி.எட்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. மாதிரி டிகிரி முடித்துச் சேரும் படிப்புக்கு 12-ஆம் வகுப்பு மார்க்கைக் காட்டக் கூடாது, டிகிரி மார்க்கைத்தான் காட்டணும். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. தவிர மற்ற முதுநிலைப் படிப்புகளுக்குக் கிடையாது. அஞ்சல்வழிப் படிப்புக்கும் கிடையாது.

பையனுக்கு என்ன வழி என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன், இது நீண்டுவிட்டது.

#6 கொடைரோடு

அக்கா, 60 சதவீதம் இருந்தால் எல்லாருக்கும் வந்துடுதே? ஏ.டி. ஆபீஸ்ல (மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) கொடுத்தா போதும்னு சொல்றாங்க.

#7 தாமரை

இல்லை தம்பி. 60 என்பது விண்ணப்பம் போடுவதற்கான வாசல்படி மட்டும். இடம் 5,500-தான். விண்ணப்பங்களை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பம் முதலில், அடுத்து போரில் ஊனமுற்றவர்கள், சேவை காரணமாக இறந்தவர்கள், சேவை காரணமாக ஊனமுற்றவர்கள், வீர விருது பெற்றவர்கள், கடைசியாக எஃப் பிரிவில் சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள். பெரும்பான்மையானவர்கள் எஃப் பிரிவில்தான் வருகிறார்கள். அங்கே முழுக்க மார்க் போட்டி. 62 சதவீதம் எடுத்த பிள்ளையிடம் ‘கட்டாயம் வந்துடும்’ என்று சொல்லி வைக்காதீர்கள்.

பி.காம். பையனுக்கு: ரக்ஷா மந்திரி முன்னாள் படைவீரர் நலநிதியில் கல்வி மானியம் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. அப்பா ஹவில்தார் அல்லது அதற்கு நிகரான பதவி வரை இருக்கணும். நாயப் சுபேதார், சுபேதாருக்கு இது கிடையாது, பிஎம் ஸ்காலர்ஷிப் மட்டும்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ரொம்பப் பேர். தொகை மாதம் 1,000.

#8 சாசனம்

ஒரு திருத்தம். 1,000 பழைய தொகை. 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் இரட்டிப்பாக்கியது. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000. இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேரும் விதவைகளுக்கும் அதே தொகை. அதே உத்தரவில் திருமண மானியம் 50,000 இலிருந்து 1,00,000 ஆனது.

பல மாவட்ட அலுவலகங்களின் சுவரில் இன்னும் பழைய தொகை எழுதிய அட்டைதான் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘இதற்காக அலைய வேண்டுமா’ என்று திரும்பிவிடாதீர்கள்.

#9 தாமரை

சரியாகச் சொன்னீர்கள், நான் பழசைத்தான் மனசில் வைத்திருந்தேன். அப்படியென்றால் அந்தப் பையனுக்கு வருஷம் 24,000. இதில் இன்னொன்று: இது தேறி முடித்த வகுப்புக்குக் கொடுக்கும் மானியம். இரண்டாம் ஆண்டில் படிக்கிறவன் முதலாண்டு தேறிய மதிப்பெண் பட்டியலை வைத்துத்தான் போடணும். சேர்ந்த உடனே ஃபீஸ் ரசீதைத் தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

மாநிலத்தின் தொகுப்பு நிதியில் தரும் கல்வி உதவி தனி. அதற்கு விண்ணப்பப் படிவம் வேறு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

#10 ரெக்கார்ட்_ரூம்

மார்க், தொகை எல்லாம் பேசியாச்சு. விண்ணப்பங்கள் நிஜமாகவே சாகும் இடம் வேறு. பெயர்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் இது இரட்டைத் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆள் சேர்ப்பு நாளில் யாரோ ஒரு எழுத்தர் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைப் பின்னால் ஒட்டி எழுதியிருப்பார். டிஸ்சார்ஜ் புக்கில் ‘முருகன் சுப்பையா’, ஆதாரில் ‘எஸ் முருகன்’, பென்ஷன் ஆணையில் ‘முருகன் எஸ்’, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றில் தந்தை பெயர் ‘முருகன்’ மட்டும். நமக்கு நாலும் ஒரே ஆள். சரிபார்ப்பவருக்கு நாலு ஆள்.

விண்ணப்பம் போடுவதற்கு மூன்று நாலு மாதம் முன்னாலேயே இந்த நாலையும் மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்:

டிஸ்சார்ஜ் புக்கின் குடும்பப் பக்கம். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் பார்ட் டூ ஆர்டர் (யூனிட் வெளியிடும் பதிவு ஆணை) வழியாக ஏறியவை. ஊருக்கு ஃபோன் செய்து கேட்டு எழுதிய பிறந்த தேதி ஒன்று இருக்கும், பிறப்புச் சான்றில் வேறு தேதி இருக்கும். ஓய்வுக்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் பெயரே இருக்காது.

பிபிஓ (பென்ஷன் ஆணை), ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம்) கணக்கு. ஸ்பர்ஷில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் பொருந்தணும்.

பிள்ளையின் பத்தாவது, பன்னிரண்டாவது சான்று. இதை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அதனால் இதையே அடிக்கல்லாக வைத்துக்கொண்டு மற்றதை இதற்கேற்பத் திருத்துவது புத்திசாலித்தனம்.

பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு.

ராணுவப் பதிவில் தவறு என்றால் ஏ.டி. அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதணும். கூடவே பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், உறுதிமொழிப் பத்திரம். பெயரே மாறுகிறது என்றால் நாளிதழ் விளம்பரமும் பெரும்பாலும் கேட்பார்கள். எந்த ரெஜிமெண்டோ அந்த ரெக்கார்ட் ஆபீஸ்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக், இஎம்இ (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், விமானப்படை டெல்லி சுப்ரதோ பார்க். பதிவுத் தபாலில் அனுப்பி, ராணுவ எண், ரேங்க், பெயர், ஓய்வு பெற்ற தேதி நாலையும் கடிதத்தின் தலையிலேயே எழுதுங்கள். எண் இல்லாத கடிதத்தை அங்கே யாராலும் எந்தக் கோப்போடும் சேர்க்க முடியாது. மாதங்கள் ஆகும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கண்டுபிடித்தால் அந்த வருஷம் போச்சு. பிஎம் ஸ்காலர்ஷிப்பில் முதலாண்டைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் என்பதே கிடையாது.

#11 வைகைக்கரை

நல்லவேளை கேட்டேன். டிஸ்சார்ஜ் புக்கில் மகள் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. இப்போதே ஆரம்பிக்கச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் வேறு எதையெல்லாம் இணைக்கணும் அண்ணா?

#12 ரெக்கார்ட்_ரூம்

எல்லாம் ஆன்லைன்தான், கேஎஸ்பி (கேந்திரிய சைனிக் போர்டு) தளத்தில். தந்தையின் விவரத்தோடு முதலில் பதிவு, அப்புறம் விண்ணப்பம். முக்கியமான இணைப்பு மூன்று: முன்னாள் படைவீரர் என்பதற்கு ஏ.டி. கையெழுத்திட்ட சான்று, கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிப்புச் சான்று, வங்கி மேலாளர் கையெழுத்திட்ட கணக்குச் சான்று. மூன்றுக்கும் தளத்திலேயே மாதிரிப் படிவம் இருக்கிறது. அதையே அச்செடுத்துப் பயன்படுத்துங்கள். கல்லூரி தன் லெட்டர்பேடில் அழகாக எழுதிக் கொடுக்கும் ‘போனஃபைடு’ செல்லாது, அதில் பாதி விவரம் இருக்காது.

கல்லூரிச் சான்றில் சேர்ந்த தேதி, படிப்பின் முழுப் பெயர், மொத்த ஆண்டு, எந்தக் கவுன்சில் அங்கீகாரம் என்பது இருக்கணும். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில்.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்கணும், ஆதார் இணைந்திருக்கணும். அப்பாவின் பென்ஷன் கணக்கைக் கொடுக்காதீர்கள். கணக்கை ஆரம்பித்துவிட்டு ஆறு மாதம் தொடாமல் விட்டால் கேஒய்சி என்று முடக்கிவைத்திருப்பார்கள், பணம் வந்து திரும்பிப் போகும்.

பதிவேற்றும் ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும். மொபைலில் சாய்வாக எடுத்த படத்தில் ரப்பர் ஸ்டாம்ப் படிக்க முடியவில்லை என்றால் ‘அப்சர்வேஷன்’ போட்டுத் திருப்புவார்கள். அனுப்பியாச்சு என்று நிம்மதியாக இருந்துவிடாமல் வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். விண்ணப்பம் மாவட்டம், மாநிலம், டெல்லி என்று மூன்று படி ஏறுகிறது. எந்தப் படியிலும் திரும்பலாம்.

அடுத்த வருஷம் புதுப்பித்தல் தானாக நடக்காது. ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 50 சதவீதத்தோடு தேறி, மதிப்பெண்ணோடு மறுபடி விண்ணப்பிக்கணும்.

#13 கவுன்சலிங்_காரன்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கணும். டிப்ளமா முடித்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் ‘முதலாண்டு மட்டும்தான்’ என்பதைப் படித்துவிட்டு விலகிவிடுகிறார்கள். அவர்களுக்கு விலக்கு உண்டு. லேட்டரல் என்ட்ரி மாணவருக்கு டிப்ளமா மார்க்தான் அடிப்படை.

இன்ஜினியரிங் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்இஏ-வில் (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம் இருக்கிறது. பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு முடிந்துவிடும். நான்கு இடத்தில் சறுக்குகிறார்கள்:

பதிவு செய்யும்போதே சிறப்புப் பிரிவைத் தேர்வு செய்ய மறந்துவிடுகிறார்கள். பிறகு சான்றை எடுத்துக்கொண்டு வந்து நின்று பயனில்லை.

அப்பா இன்னும் பணியில் இருக்கிறார். இது முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீடு, பணியில் இருப்பவரின் பிள்ளைக்கு இல்லை.

ஏ.டி. அலுவலகச் சான்றைக் கடைசி வாரத்தில் கேட்கிறார்கள். ரிசல்ட் வந்த வாரம் அங்கே நிற்க இடம் இருக்காது. தகப்பனாரின் அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகலோடு முன்னாலேயே போய்விடுங்கள்.

நாலாவதுதான் ராணுவக் குடும்பங்களுக்கே உரியது: பிள்ளை எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை ஜோத்பூர், ஜம்மு, தேஜ்பூர் என்று கேந்திரிய வித்யாலயாவில் படித்திருக்கும். தமிழ்நாட்டில் படிக்காததால் பிறப்பிடச் சான்று தேவை. இ-சேவையில் தாசில்தார் வழியாக வாங்கணும். குடும்பம் ஊரை விட்டு 18 வருஷம் வெளியே இருந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு நேரம் எடுக்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே போட்டுவிடுங்கள்.

#14 கொடைரோடு

மெடிக்கல் சீட்டுக்கு என்ன சார் இருக்கு?

#15 கவுன்சலிங்_காரன்

இரண்டு பாதை. மாநிலக் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிரிவு தனி. மத்திய அரசின் சென்ட்ரல் பூல் எம்.பி.பி.எஸ். இடங்கள் தனி, அதற்கு நீட் தேறியிருக்கணும், விண்ணப்பம் சைனிக் போர்டு வழியாகப் போகும். அங்கே முன்னுரிமை வரிசை ஒன்பது படி. சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் ஆறாவது படியில் வருகிறார்கள். பணியில் இருப்பவர்களின் பிள்ளைகள் எட்டாவது. மேலே இருக்கும் படிகளில் இடம் தீர்ந்துவிட்டால் நல்ல மார்க்கும் உதவாது. போட்டு வையுங்கள், அதை மட்டும் நம்பி மாநிலக் கலந்தாய்வை விட்டுவிடாதீர்கள்.

#16 சாசனம்

போரில் உயிர்நீத்தோர், காணாமற்போனோர், ஊனமுற்றோரின் பிள்ளைகளுக்கு வேறொரு திட்டம் உண்டு. கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம், சீருடை வரை இளநிலைப் பட்டம் முடியும்வரை திருப்பித் தரும் சலுகை அது. 1971 போருக்குப் பின் வந்தது. 2017 ஜூலையில் மாதம் 10,000 என்று உச்சவரம்பு போட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் 2018 மார்ச்சில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போதும் சில அலுவலகங்களில் ‘பத்தாயிரத்துக்கு மேல் தர மாட்டோம்’ என்ற பேச்சைக் கேட்கலாம். அது செத்துப்போன உத்தரவு.

#17 எல்லைச்சாமி

பிஎஸ்எஃப்-ல் 22 வருஷம் முடித்தவரின் மகனுக்கு கேஎஸ்பி தளத்தில் பதிவு செய்யவே விடமாட்டேன் என்கிறது. என்ன பிழை?

#18 ரெக்கார்ட்_ரூம்

பிழை இல்லை ஐயா, வாசல் வேறு. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி, அசாம் ரைஃபிள்ஸ் எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ். விதிப்படி அவர்கள் ‘முன்னாள் படைவீரர்’ கணக்கில் வரமாட்டார்கள். 2012-ல் ‘முன்னாள் மத்திய ஆயுதக் காவல்படையினர்’ என்று தனி அடையாளம் கொடுத்தார்கள். பிஎம் ஸ்காலர்ஷிப் அவர்களுக்கும் இருக்கிறது, ஆனால் உள்துறையின் நலவாரியம் வழியாக. விண்ணப்பம் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில். மாதத் தொகை அதே 3,000, 2,500. பெயர் ஒன்றாக இருப்பதால் வருஷா வருஷம் பலர் தவறான தளத்தில் மோதி, இதற்கான தேதியையும் தவறவிடுகிறார்கள். அந்தப் போர்ட்டலில் கல்லூரியும் சரிபார்த்து அனுப்பணும். கல்லூரியின் நோடல் அலுவலர் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள், விண்ணப்பம் அவர் மேசையில்தான் தூங்கும்.

#19 அக்னி2023

அண்ணன்களுக்கு வணக்கம். 2023-ல் சேர்ந்த அக்னிவீர்களுக்கு இதில் எதெல்லாம் கிடைக்கும்? பத்தாவது முடித்துச் சேர்ந்தவர்கள் நாலு வருஷம் முடித்து வெளியே வந்தால் டிகிரி கிடைக்கும் என்று யூனிட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

#20 சாசனம்

தம்பி, முதலில் கசப்பான பகுதி. நாலு ஆண்டோடு வெளியே வரும் அக்னிவீருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. ஆகவே மேலே பேசிய 15 ஆண்டுச் சான்று, பிஎம் ஸ்காலர்ஷிப், கல்வி மானியம், டிஎன்இஏ ஒதுக்கீடு எதுவும் பொருந்தாது. நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படும் 25 சதவீதத்தினருக்கு மட்டும் வழக்கமான பாதை திறக்கும். மற்றவர்களுக்குச் சேவா நிதி (வெளியே வரும்போது தரும் மொத்தத் தொகை) சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். படிப்புக்கான முதலீடு என்று பார்த்தால் அதுதான்.

டிகிரி தானாகக் கிடைக்காது. 2022 ஜூனில் கல்வி அமைச்சகம் அறிவித்தது இக்னோவின் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மூன்றாண்டு இளநிலைப் பட்டம். அதன் கிரெடிட்டில் 50 சதவீதம் படையில் பெற்ற தொழிற்பயிற்சிக்கு. மீதிப் பாதியைப் படித்துத் தேர்வு எழுதித்தான் எடுக்கணும்: மொழி, வரலாறு, பொருளியல், அரசியல், வணிகவியல், சுற்றுலா என்று தேர்வு செய்துகொள்ளும் பாடங்கள், கூடவே சூழலியலும் ஆங்கிலத் தொடர்புத்திறனும். முதலாண்டோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாண்டு என்றால் டிப்ளமா, மூன்றும் முடித்தால் பட்டம்.

பத்தாவதோடு சேர்ந்தவர்கள் முதலில் பன்னிரண்டாவதை முடிக்கணும். அதற்கு என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகத் தனித் திட்டம் அறிவித்திருக்கிறார்கள்.

#21 ரெக்கார்ட்_ரூம்

‘முதலில் பன்னிரண்டாவது’ என்பதை அடிக்கோடு போட்டுக்கொள் தம்பி. பன்னிரண்டாவது இல்லாதவர்களை ஆறு மாத முன்தயாரிப்புப் படிப்பு வழியாக இக்னோ டிகிரியில் சேர்த்துக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. பட்டம் கிடைக்கும், மேலே படிக்கவும் விடுவார்கள். ஆனால் தமிழ்நாடு அரசு வேலைக்கு உதவாது. 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை 107, பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் வாங்கிய பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. டிஎன்பிஎஸ்சி தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேற்றப்படுவது இந்த ஓர் ஆணையால்தான். இந்த இழையைத் தொடங்கிய வைகைக்கரைக்கும் இதே பதில்: ஹவில்தாருக்கு எம்.பி.ஏ.தான் ஆசை என்றால் பிளஸ் டூ, பிறகு பி.ஏ. அல்லது பி.காம்., பிறகு எம்.பி.ஏ. குறைந்தது ஆறேழு வருஷப் பயணம். 45 வயதில் அது தேவையா என்பது அவர் முடிவு.

அக்னிக்கு, யூனிட்டில் இருக்கும்போதே செய்யவேண்டியது: ஏபிசி ஐடி (படித்த கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) எடு. தொலைநிலைப் படிப்புக்கு இப்போது டெப் ஐடி (யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் எண்) கட்டாயம், அதுவும் ஆதாரோடுதான் உருவாகும். இக்னோ சேர்க்கை ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு முறை. எக்ஸர்சைஸ், ஃபீல்டு போஸ்டிங் என்று தேர்வு தவறலாம், அதற்குப் பயப்படாதே. மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. வெளியே வரும்போது திறன் சான்றிதழ் கையில் இருக்கிறதா, அதில் எந்த நிலை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கிரெடிட் மாற்றத்துக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம். வீட்டுக்கு வந்தபின் யூனிட்டுக்கு எழுதி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

#22 அக்னி2023

ரொம்ப நன்றிண்ணே. யூனிட் எஜுகேஷன் ஹவில்தாரிடம் நாளைக்கே கேட்கிறேன்.

#23 நீலக்கடல்

ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறவர்களுக்கு டிஜிஆர் (பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம்) கோர்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜேசிஓ (நாயப் சுபேதார், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்), ஜவான்களுக்கு முழுக் கட்டணத்தையும் டிஜிஆர் கட்டுகிறது. அதிகாரிகளுக்கு 60 சதவீதம் அவர்கள், 40 சதவீதம் நாம். அதிகாரிகளுக்கு ஐஐஎம்-களில் 24 வார மேலாண்மைப் படிப்பு இருக்கிறது.

#24 ரெக்கார்ட்_ரூம்

சரி. ஆனால் அதை டிகிரி என்று நினைத்துவிட வேண்டாம், சான்றிதழ் படிப்பு. கோர்ஸைத் தேர்வு செய்வதிலும் கவனம் வேண்டும்: கட்டணம் இலவசம் என்பதற்காக எதையாவது எடுத்துவிட்டால், ஒருமுறை பயன்படுத்திய வாய்ப்பு தீர்ந்துவிடும். பெயர் கொடுக்கும் பட்டியல் யூனிட் வழியாகப் பல மாதம் முன்பே போகும். ஓய்வு ஆணை கைக்கு வந்தபின் யோசிக்க ஆரம்பித்தால் பிடித்த கோர்ஸில் இடம் இருக்காது.

#25 வைகைக்கரை

எம்.பி.ஏ. மையத்துக்குப் போன் போட்டு, பதிவாளர் கையெழுத்தில் கடிதம் கேட்கச் சொன்னேன். ‘திங்கட்கிழமை சொல்கிறோம்’ என்றார்களாம். பெயர்த் திருத்த மனுவை ஏ.டி. அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது, வெலிங்டனுக்குப் போகிறது. ஒரு சந்தேகம் மட்டும்: திருத்தம் வர நேரமானால், அதற்குள் பிஎம் ஸ்காலர்ஷிப் தேதி முடிந்துவிட்டால்?

#26 ரெக்கார்ட்_ரூம்

காத்திருக்க வேண்டாம், தேதிக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கூடவே இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம், திருத்த மனுவின் நகல், ஏ.டி. அலுவலகம் போட்ட வரவு முத்திரை, மூன்றையும் ஒரே பிடிஎஃப்-ஆக இணையுங்கள். ஏ.டி. அலுவலகம் கையெழுத்திடும் சான்றில் பிள்ளையின் பெயர் பள்ளிச் சான்றில் உள்ளபடி இருக்கட்டும் என்று கேட்டு வாங்குங்கள். ‘அப்சர்வேஷன்’ வந்தால் அதற்குப் பதில் போட வழி இருக்கிறது. போடாத விண்ணப்பத்துக்கு அதுவும் இல்லை.